ஏ.எல். இல் வரலாறு எடுக்கவா, சேர்?

கேள்வி: சேர், நான் முத்தையன்கட்டில் இருக்கிறேன். ஓ.எல். (சாதாரண தரப்) பெறுபேறு வந்துவிட்டது. தமிழ், சைவநெறி, வரலாறு மூன்றுக்கும் ஏ. வணிகக் கல்விக்கு பி. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சி. ஏ.எல். (உயர்தரம்) இல் வரலாறு படிக்க எனக்கு விருப்பம். எங்கட வன்னியின் வரலாறு புத்தகத்தில் இல்லை, அதை நாங்கள்தான் எழுத வேணும் என்று நினைக்கிறேன். என் அம்மாயி 77 கலவரத்துக்குப் பிறகு நாவலப்பிட்டியிலிருந்து இங்கே வந்தவர். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அப்பா வயலும் தோட்டமும் செய்கிறார். "வரலாறு சோறு போடுமோ? கொமர்ஸ் எடு" என்கிறார். கனடாவில் இருக்கிற மாமாவும் அதையேதான் சொல்கிறார். எங்கள் பாடசாலையில் ஏ.எல். வரலாற்றுக்கு இப்போது ஆசிரியர் இல்லை. வகுப்புப் பிள்ளைகள் "அது சும்மா பாடமாக்கிற பாடம்தானே" என்று சிரிக்கிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்:

பிள்ளை, உமக்குப் பிடிக்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னியின் கதை அங்கே கிடைக்கும் என்று நினைத்து ஏ.எல். வரலாறு எடுத்தால் முதலாம் தவணையிலேயே ஏமாந்துபோவீர். அனுராதபுரம், பொலன்னறுவை, யாழ்ப்பாண இராச்சியம், கோட்டை, கண்டி, பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர், 1833 கோல்புறூக் சீர்திருத்தம், 1931 டொனமூர், 1947 சோல்பரி என்று இலங்கை வரலாறு ஒரு பக்கம் போகும். மறுபக்கம் இந்திய வரலாறு, ஐரோப்பிய வரலாறு, நவீன உலக வரலாறு என்பவற்றில் ஒன்று. உமக்கு எது வாய்க்கும் என்பது படிப்பிக்கிறவரைப் பொறுத்தது. வன்னிமைகள் என்ற வன்னிச் சிற்றரசுகள் சில வரிகளில் வந்து போகும். உம்முடைய அம்மாயி எந்த வரியிலும் வரமாட்டார்.

ஆனபடியால் வேறொரு காரணம் உமக்கு இருக்கிறதா என்று பார்ப்போம். அதற்கு என்னுடைய ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலையில் நான் புது வாத்தியார். ஒருநாள் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைப் பற்றிப் படிப்பித்தேன். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையை அடித்ததைச் சொல்லி, ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் வீரமரணம் அடைந்தார் என்று கையை உயர்த்தி முடித்தேன். வகுப்பு மூச்சுவிடவில்லை. கடைசி வாங்கிலிருந்த ஒரு பெடியன் எழும்பி, "சேர், அந்தக் கல்லில அப்பிடி இல்லையாம்" என்றான். மாடு சாய்க்கப் போகிற பெடியன். அடுத்த நாள் ஒரு கடதாசியோடு வந்தான். ஆங்கிலம் தெரியாமலே, கல்லிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்திருந்தான். ஆங்கிலேயர் நாட்டிய கல் அது. கப்டன் வொன் டிரிபேர்க் இந்த இடத்துக்குக் கிட்டப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 31 ஒக்டோபர் 1803 என்பதுதான் அதில் இருந்தது. கொன்றான் என்று ஒரு சொல்லும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "தோற்கிறதும் சாகிறதும் ஒண்டுதான், இரும்" என்று அவனை இருத்திவிட்டேன்.

வரலாறு என்ற பாடத்தை அன்று அந்த வகுப்பில் செய்தவன் அவன் ஒருவன்தான். அந்த வேலையை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாரும். கல்லை நாட்டியது யார்? வென்ற பக்கம். வென்றவன் தன் எதிரியைக் கொன்றிருந்தால் அதைக் கல்லில் சொல்லாமல் விடுவானா? அந்தச் சண்டைக்குப் பிறகும் பண்டாரவன்னியன் உயிரோடிருந்தார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அப்படியென்றால் அன்றே இறந்தார் என்ற கதை எங்கே பிறந்தது? நாடகத்திலா, மேடைப் பேச்சிலா, என்னைப் போன்ற வாத்திமாரின் வாயிலா? 1895 இல் ஜே.பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கையேடு எழுதி வெளியிட்டார். வன்னியைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் திறக்காமல் தப்ப முடியாது. ஆனால் அவர் ஒரு நிர்வாகி. ஆளுகிறவனின் கண்ணோடு இந்தக் காட்டைப் பார்த்தவர். அவர் எழுதியதையும் அந்தக் கண்ணைத் தெரிந்துகொண்டுதான் வாசிக்க வேண்டும்.

இந்தக் கேள்விகள் வரும்போது உமக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு எடுக்கிறதா? எடுத்தால் வரலாறு உமக்குரிய பாடம். "இவர் என்ன, எங்கட மாவீரனைக் குறைக்கப் பார்க்கிறாரோ" என்று கோபம் மட்டும் வந்தால், தமிழ் இலக்கியம் எடும். அதுவும் நல்ல பாடந்தான். நான் பகிடியாகச் சொல்லவில்லை.

"எங்கட வரலாற்றை நாங்கள்தான் எழுத வேணும்" என்று எழுதியிருக்கிறீர். சரி. ஆனால் எங்கட கதையையும் மற்றவன் கதையைப் போலவே உரசிப் பார்க்க வேண்டிவரும். பேராசிரியர் கா. இந்திரபாலாவின் பெயர் உமக்கு இனித்தான் அறிமுகமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையைக் கட்டியெழுப்பியவர். 1965 இல் லண்டனில் இலங்கையின் திராவிடக் குடியேற்றங்களைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். அதில் அவர் கண்ட முடிவுகள் பல தமிழருக்குக் கசந்தன. தமிழரின் பரவலான குடியேற்றத்தை அவர் பிந்திய காலத்தில் வைத்தார் என்பதுதான் காரணம். பிறகு ஆனைக்கோட்டை போன்ற இடங்களில் அகழ்வு நடந்தது, புதிய சான்றுகள் வந்தன. நாற்பது வருடம் கழித்து, 2005 இல், இலங்கைத் தமிழரின் இன அடையாளம் உருவான விதத்தைப் பற்றி எழுதிய நூலில் தன் பழைய நிலைப்பாட்டைத் தானே மாற்றினார். 1965 இல் அவரைத் திட்டியவர்கள் 2005 இல் அவரைத் தலையில் வைத்தார்கள். இரண்டு தரமும் அவர் செய்தது ஒரே வேலை என்பதை அவர்களில் எத்தனைபேர் கவனித்தார்களோ தெரியாது. கையிலிருந்த சான்று எவ்வளவு தூரம் போனதோ, அவ்வளவு தூரந்தான் அவரும் போனார்.

இது உமக்குக் கிட்டவே நடக்கிற விசயமும்கூட. குருந்தூர்மலையைப் பற்றியும் வெடுக்குநாறிமலையைப் பற்றியும் செய்தியில் பார்க்கிறீர். ஒரு மலையில் பௌத்தச் சின்னம் கிடைத்தவுடன் அது சிங்களவரின் இடம் என்கிறது ஒரு பக்கம். அப்படி ஒன்றும் அங்கே இருந்ததே இல்லை என்கிறது மறுபக்கம். தமிழரிடையேயும் பௌத்தம் இருந்தது என்பதை மணிமேகலை படித்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மேடையில் அதைச் சொன்னால் இரண்டு பக்கமும் கைதட்டாது. வரலாறு படித்தவர் அந்த நடுவெயிலில் நிற்க வேண்டிவரும். பதினாறு வயதில் இது பெரிய சுமை என்று தெரியும். பிறகு தெரிந்து திடுக்கிடாமல் இப்போதே தெரிந்துகொள்ளும் என்றுதான் சொல்கிறேன்.

"பாடமாக்கிற பாடம்" என்கிற உம்முடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓ.எல். வரைக்கும் எல்லோரும் கட்டாயமாகப் படித்த வரலாறு பெரும்பாலும் அப்படித்தான் படிப்பிக்கப்பட்டது. அதில் எனக்கும் பங்குண்டு. ஏ.எல். இலும் ஆண்டும் பெயரும் வேணும், சந்தேகமில்லை. ஆனால் கட்டுரை வினா "எப்போது" என்று கேட்காது. "ஏன்" என்றும் "எவ்வளவு தூரம்" என்றும் கேட்கும். இருபது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: ரியூசன் நோட்டை அப்படியே கொட்டிய தாளும், கேள்வியை வாசித்து எழுதிய தாளும் முதல் பந்தியிலேயே வேறாகத் தெரியும்.

இனி அப்பாவிடம் வருவோம். இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டும்.

அண்ணை, நீங்கள் பயப்படுவது பிழையில்லை. 2017 இல் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியோரம் மாதக்கணக்கில் கொட்டகை போட்டு இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் கலைப்பட்டதாரிகள் நிறைய. உங்கள் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. உங்களுக்குக் கிட்ட இருப்பது வவுனியாப் பல்கலைக்கழகம். 2021 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது வியாபாரக் கற்கை, பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பக் கற்கை என்ற பீடங்களோடுதான் தொடங்கியது. வரலாறு படிக்கப் பிள்ளை யாழ்ப்பாணமோ பேராதனையோ மட்டக்களப்புப் பக்கமோ போய், அறை எடுத்துத் தங்க வேண்டும். செலவு இருக்கிறது.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுப்பது 2001 இலிருந்து இசட் புள்ளியை வைத்து. அந்தப் பாடத்துக்கு இருந்த எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறாள் என்பதுதான் அந்தப் புள்ளி. விருப்பமில்லாத பாடத்தில் பிள்ளை சராசரியோடு நிற்பாள். வரலாற்றில் அவள் கூட்டத்துக்கு மேலே தலை தெரிய நிற்கக்கூடியவள் என்று ஓ.எல். பெறுபேறு கொஞ்சம் காட்டுகிறது. கணக்கீட்டுக்குப் பெரிய கணிதம் தேவையில்லை, வணிகக் கல்விக்கு பி எடுத்த பிள்ளையால் அதைப் படிக்கவும் முடியும். அவளுக்கு அதில் ஆசை இருந்திருந்தால் நானே "எடு" என்றிருப்பேன். ஆனால் வரலாறு படிக்கத்தான் விருப்பம் என்று அவள் எனக்கு எழுதியிருக்கிறாள். உங்களுக்கு அதைச் சொன்னாளோ தெரியாது.

வரலாறு சோறு போடுமோ என்றால், தனியே போடாது. துணைக்கு ஒன்று வேணும். நான் கண்ட கலைப்பட்டதாரிகளில் கெதியாக வேலைக்குப் போனவர்களுக்கு மூன்று மொழியில் குறைந்தது இரண்டு எழுதப் பேச வந்தது. வீதியோரம் இருந்தவர்களில் பலருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் வரவில்லை. நிர்வாக சேவைப் பரீட்சைக்கு எந்தத் துறைப் பட்டமும் போதும். சட்டம் படிக்கக் கலைப்பிரிவிலிருந்தும் போகலாம், யாழ்ப்பாணத்திலேயே சட்டத்துறை இருக்கிறது. பட்டம் கிடைக்காவிட்டாலும் பூந்தோட்டத்தில் வவுனியாக் கல்வியியற் கல்லூரி இருக்கிறது, ஏ.எல். உடன் கிராம உத்தியோகத்தர் பரீட்சை இருக்கிறது. மொழிபெயர்ப்பு, ஊடகம், தொல்லியல், சுற்றுலா வழிகாட்டி என்று மற்றவையும் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் சிங்களமோ ஆங்கிலமோ வாசலில் நின்று கேட்கும். ரியூசனுக்கு ஒதுக்கிய காசில் பாதியை மொழிக்குப் போடுங்கள், அண்ணை. கனடா மாமாவிடமும் காசு கேட்கலாம். ஆலோசனை சொல்கிறவர் கொஞ்சம் அனுப்பவும் வேணும்தானே.

திரும்பவும் உமக்கு, பிள்ளை. வரலாற்றோடு புவியியல் எடும். வன்னி குளத்தாலும் காட்டாலும் ஆன நாடு. உம்முடைய அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் தரும் முத்தையன்கட்டுக் குளம் எப்படி அந்த இடத்தில் வந்தது என்று விளங்கப் படமும் மேடும் பள்ளமும் தெரிய வேணும். பழைய குளக்கட்டுகளின் வரிசையைப் பார்க்காமல் இந்த மண்ணில் யார் எப்போது இருந்தார்கள் என்று கதைப்பது காட்டுக்குள் கண்ணைக் கட்டி நடப்பது மாதிரி. மூன்றாவதாகத் தமிழோ பொருளியலோ. பொருளியல் என்றால் அப்பாவுக்கும் கொஞ்சம் மனம் ஆறும். எந்த மூன்றைச் சேர்த்து எடுக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது, படிவம் கொடுக்க முன் பாடசாலையில் கேட்டு உறுதி செய்யும்.

ஆசிரியர் இல்லை என்பதுதான் உம்முடைய கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த வரி. மற்றதெல்லாம் கதைத்துத் தீர்க்கலாம். ஓ.எல். வரை கையில் வந்த இலவசப் பாடநூல் ஏ.எல். இல் வராது. நோட்ஸ் தருகிற ஆளில்லாவிட்டால் பிள்ளைகள் யாரோ ஒருவரின் பழைய போட்டோகொப்பியில் தொங்குவார்கள். ஆகவே, படிவம் கொடுக்க முன் அதிபரிடம் நேரே கேளும்: வரலாற்று ஆசிரியர் எப்போது வருவார், கடிதம் போயிருக்கிறதா, வலயக் கல்வி அலுவலகத்தில் என்ன சொன்னார்கள். "வருவினம்" என்பது பதில் இல்லை. மாதம் சொல்லச் சொல்லும். சொல்ல முடியாவிட்டால் ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ முல்லைத்தீவிலோ ஆசிரியர் இருக்கிற பாடசாலையை விசாரியும். பஸ் எத்தனை மணிக்கு, மாரியில் ஓடுமா, பின்னேர வகுப்பு முடிந்து திரும்ப வழியுண்டா என்பதையும் சேர்த்து விசாரியும். ஒரு பெண்பிள்ளை இரண்டு வருடம் போய்வருகிற பாதை அது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் ஒரு முடிவு இருக்க வேணும். பஸ்ஸும் இல்லை, ஆசிரியரும் இல்லை என்றால், மனம் நோக இதைச் சொல்கிறேன், வரலாற்றைப் பிறகு படிக்கலாம். நல்ல ஆசிரியர் இருக்கிற மூன்று பாடத்தை எடும்.

இதற்கிடையில் ஒரு சின்னச் சோதனை. கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடும். உமக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரு கட்டுரை வினாவைத் தெரிந்து, முக்கால் மணித்தியாலம் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதும். சரியா பிழையா என்பது இப்போது முக்கியமில்லை. எழுதி முடிக்கும்போது கை நோகிறது, மனம் இன்னும் எழுதச் சொல்கிறது என்றால் ஒரு மாதிரி. பத்தாவது நிமிசத்திலேயே யன்னலைப் பார்த்தீர் என்றால் இன்னொரு மாதிரி. யாரிடமும் காட்ட வேண்டாம். உமக்கே தெரியும்.

போனில் டேற்றா இருக்கும்போது நூலகம் என்ற இணையத்தளத்துக்குப் போய்ப் பாரும். 2005 இல் தொடங்கியது. ஈழத்துப் புத்தகங்களும் பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் காசில்லாமல் வாசிக்கக் கிடக்கின்றன. என் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெடியனுக்கு அப்படி ஒரு பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

கடைசியாக அந்தக் கொப்பி. உம்முடைய கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நீர் "அம்மாயி" என்று எழுதியிருக்கிறீர். பக்கத்து வளவுப் பிள்ளை "அம்மம்மா" என்று கூப்பிடும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று எதை விட்டுவிட்டு வந்தது, எதை விடாமல் கொண்டுவந்தது என்பதற்கு அந்தச் சொல்லே ஒரு சான்று. அதை மாற்றி எழுதாமல் விட்டீரே, நல்லது.

அம்மாயி "77" என்கிறார். வயதானவர்களுக்கு ஆண்டு வழுக்கும். 1977 ஓகஸ்டிலும் கலவரம், 1981 ஓகஸ்டிலும் மலையகத்தில் அடிபாடு, பிறகு 83. அவரிடம் ஆண்டைக் கேட்காதேயும். வெளிக்கிட்ட நேரம் உம்முடைய அம்மா பிறந்துவிட்டாரா, கையிலா இடுப்பிலா என்று கேளும். பாண் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றது அதற்கு முன்னமா பின்னமா என்று கேளும். எந்த ஊர்வரை பஸ், எங்கிருந்து லொறி, முதல் இரவு யாருடைய வளவு, முதல் கூலி எவ்வளவு, என்ன பயிர். காந்தியம் என்ற அமைப்பின் பெயரைக் கேட்டிருக்கிறாரா என்றும் கேளும். அந்தக் காலத்தில் மலையகக் குடும்பங்களை வன்னியில் குடியேற்றியவர்களில் அவர்களும் அடக்கம். "மனம் எப்படி இருந்தது" என்று கேட்டால் அழுவார், நீரும் அழுவீர், கொப்பியில் ஒன்றும் இராது. சாமானைக் கேட்டால் மனம் தானாக வரும்.

அவர் சொல்வதை ஒரு பக்கத்தில் அவருடைய சொல்லிலேயே எழுதும். எதிர்ப்பக்கத்தை உம்முடைய சந்தேகத்துக்கு விடும். முல்லைத்தீவு 1978 இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்திய கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் வேறு மாவட்டத்தின் பெயர் இருக்கும், அதைக் கண்டு குழம்பாதேயும். காணி உத்தரவுப் பத்திரம், கூப்பன் மட்டை, தோட்டத்தில் தந்த துண்டு, மெனிக் பாம் முகாமில் பதிந்த அட்டை, எது இருந்தாலும் படம் எடுத்து வையும். 2009 போரில் எத்தனையோ வீட்டின் கடதாசிகள் பங்கருக்குள்ளும் கடற்கரை மணலிலும் போய்விட்டன. உங்கள் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் "மிஞ்சவில்லை, இன்ன இடத்தில் விட்டோம்" என்று எழுதும். அதுவும் ஒரு பதிவுதான்.

அம்மாயி சொன்ன ஏதாவது, பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னதோடு ஒத்துவராமல் போகும். அன்றைக்கு அம்மாயியைத் திருத்தப் போகாதேயும். இரண்டையும் எழுதி, யார் சொன்னது, எந்தக் கிழமை சொன்னது என்று போடும். இதுவரை எழுதிய பக்கங்களில் திகதி போட்டிருக்கிறீரா? போடாவிட்டால், ஞாபகம் இருக்கிற அளவுக்கு இன்றிரவே பென்சிலால் போட்டு வையும்.